எண்பதாம் பக்கத்துக்குப் பிறகு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள். உள்ளே ஒரு புத்தகம் இருக்கிறது. நான் எழுதியது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லவில்லை. போனில் நான் 'ம்' தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று நீயே திட்டுவாய்.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பத்தாவதோடு நின்று அச்சகத்தில் சேர்ந்தேன் அல்லவா, இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்கு மடிப்பு வேலை. அச்சான பெரிய தாளை மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஒவ்வொரு ஃபாரத்தையும் தனித்தனி அடுக்காக நீள மேசையில் வைத்திருப்போம். மேசையின் ஓரமாக நடந்துகொண்டே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்தால், மேசை முடியும் இடத்தில் கையில் ஒரு புத்தகம் இருக்கும். நாள் முழுக்க நடப்பேன். யாரோடும் பேசவேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை.

என் நோட்டைப் பசை தடவும் அம்மா பார்த்துவிட்டார். "இது வாயே திறக்காதுன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள ஒரு புத்தகமே வெச்சிருக்கு பாருங்க" என்று முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவர், வேறு வேலைகளில் மிஞ்சிய தாளில் அடித்துக்கொள்ளச் சொன்னார். "பின்னட்டையில அச்சகத்துப் பேரைப் போடு. புத்தகம் நல்லா இல்லேன்னு யாராவது சொன்னா எடுத்துடு" என்றார். மதிய இடைவேளைகளில் கணினியில் நானே எழுத்தடித்தேன். இருநூறு பிரதிக்கு அச்சானது. முதலில் நூறு மட்டும் நானே அடுக்கி, நானே தைத்து, நானே அட்டை ஒட்டினேன். மீதி தாளாகவே இருக்கிறது.

மருந்துக்கடையில் ஐந்து பிரதி வைக்கச் சம்மதித்தார்கள். வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் எடுத்தார். திருப்பினார். விலையைப் பார்த்தார். வைத்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஏதோ நானே அந்த மேசைமேல் உட்கார்ந்திருந்தது போல.

அம்மா அப்பாவிடம் புத்தகத்தைக் காட்டினாள். அப்பா முதுகுப் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "தையல் பரவாயில்லை" என்றார். அலமாரிமேல் வைத்துவிட்டார். இன்னும் படிக்கவில்லை.

கதையில் ஒரு தையல் கடை வருகிறது. இரண்டு பெண்கள் வருகிறார்கள். அது நாம் இல்லை. கொஞ்சம் நாம். கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம் என்றால் படிக்கவேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும்.

உன் தங்கை


ஜூன் 19

ஊமைக்கோட்டானே,

அட்டையைப் பார்த்தால் போதுமா? இரண்டு தடவை படித்தாயிற்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மிஷின் சுற்றி முடிய நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நாற்பது நிமிடமாகப் படித்தேன். யாரும் இல்லாதபோது பிரி என்றாய். நான் அறையில் இருக்கும் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரித்தேன். "என் தங்கச்சி எழுதினது" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இனி உண்மையைப் பேசுவோம். கொஞ்சம் நாம் என்கிறாய். அதில் வரும் பெரியவள் முழுக்க நான்தான். பல்லால் நூலைக் கடிக்கிறவள், பொத்தானை வாயில் வைத்துக்கொண்டே வாடிக்கையாளரைத் திட்டுகிறவள். சிரித்தேன். அப்புறம் அவள் கடையைச் சாத்திவிட்டு வருகிறாள், ஒரு மணி நேரத்தில் கடை எரிகிறது. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

கோபம் இல்லை. நான் செய்ததைத்தானே எழுதியிருக்கிறாய். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியது ஞாபகம் இல்லை. மூன்று வருடமாக அந்த ஒரு கையசைவைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. இங்கே எனக்கு என்ன பெயர் தெரியுமா? சுவிட்ச் அக்கா. அறையை விட்டுக் கிளம்பும்போது மூன்று தடவை திரும்பிப்போய் எல்லா சுவிட்சையும் பார்ப்பேன். பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாள், "நீ மட்டும் எங்க வீட்ல பொறந்திருந்தா எங்கப்பாவுக்குக் கரண்டு பில்லே வந்திருக்காது."

சரி, இப்போது உன் லட்சணத்துக்கு வருவோம். எண்பதாம் பக்கத்தில் பெரியவள் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நிற்கிறாள். அப்பா திரும்பிப் பார்ப்பாரா என்று அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினால், அறுபத்தைந்தாம் பக்கம்! மறுபடியும் பெரியவள் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் எண்பது வரை. அதோடு அட்டை வந்துவிட்டது. கட்டுகிற இடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்துவிட்டு, சொந்தப் புத்தகத்தில் கோட்டை விட்டாயே!

இன்னொன்று. புத்தகத்துக்கு 'ஆணியில் தொங்கும் சாவி' என்று பெயர் வைத்திருக்கிறாய். நானும் தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு சாவி கதையில் எங்கேயும் வரவில்லையே? அது விட்டுப்போன பக்கங்களில் இருக்கிறதா?

அந்தப் பதினாறு பக்கத்தை அனுப்பு. அப்பா திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ படித்ததே போதும். பக்கம் மாறியது கை தவறி நடந்தது. அதைவிட, ஆறாவது ஃபாரம் மை பரவி வீணாகிவிட்டது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கதை எண்பதாம் பக்கத்திலேயே முடிந்தது போலத்தான்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். பக்கம் மாறியிருப்பதை உன்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, முடிவுதான் மனசைப் பிசைஞ்சிடுச்சு" என்றார். எந்த முடிவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அச்சகத்தில் மிஷின் ஓட்டும் அண்ணன், ஒரே மூச்சில் படித்ததாகச் சொன்னார். அவருடைய பிரதியில் பக்க ஓரங்கள் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால்தான் படிக்கமுடியும்.

பிறகு வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. நூலகத்தின் மேல்மாடி. பன்னிரண்டு பேர். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். "எழுத்தாளர் வரலையா?" என்று தலைவர் கதவைப் பார்த்தார். பசை தடவும் அம்மா என் முதுகில் ஒரு குத்து விட்டார். எழுந்து நின்றேன்.

தலைவர் நான்கு பக்கக் கட்டுரை வாசித்தார். "இந்தக் கதை முன்னே போக மறுக்கிறது. துயரம் மறுபடி மறுபடி அதே பதினாறு பக்கங்களைச் சுற்றுகிறது. பதினேழு வயதுப் பெண் இதைப் பக்க எண்களாலேயே காட்டியிருக்கிறாள். இது விபத்தல்ல, துணிச்சல்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். "ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார்கள். நான் நன்றி என்று சொன்னேன். அது ஒரு வார்த்தைதான்.

அன்றைக்கே பதினெட்டுப் பிரதி போயிற்று. மருந்துக்கடையிலும் இரண்டு. இப்போது தெருவில் என்னைப் பார்த்து, "எழுத்தாளரம்மா" என்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுகிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

சான்றிதழை அம்மா கூடத்தில் மாட்டியிருக்கிறாள். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நீ சுவிட்சைப் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். அதை மறுபடி எழுதாதே அக்கா. படிக்க முடியவில்லை.

உன் தங்கை


ஜூலை 11

அடியே,

கை தவறியது என்கிறாய். அடுத்த வரியிலேயே மை பரவியது என்கிறாய். ஒன்று போதாதா? இரண்டு சாக்குச் சொல்கிறவள் உண்மையைச் சொல்லவில்லை என்று அர்த்தம். நீ ஆறு வயதில் என் ரிப்பனை வெட்டிவிட்டு, "எலி வெட்டிடுச்சு, அப்புறம் காத்துல போயிடுச்சு" என்று சொன்னவள்.

நானும் தையல்காரர் மகள்தான். வெட்டி வைத்த துணி எனக்கும் புரியும். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டால், வலது கைகள் எல்லாம் எங்கே போகும்? மேசையில் கிடக்கும். நூறு சட்டைக்கு அப்படித் தைத்தால் ஒரு குவியலே கிடக்கும். பார்க்காமல் இருக்கமுடியாது. நீ ஐந்தாவது அடுக்கில் இரண்டு இரண்டாக எடுத்திருக்கிறாய். நூறு பிரதியில் அந்த அடுக்கு தீர்ந்திருக்கும். ஆறாவது அடுக்கு ஒரு தாள் குறையாமல் நின்றிருக்கும். தெரியாமல் நடந்தது என்று வேறு யாரிடமாவது சொல்.

ஆகவே நானே யோசித்தேன். அந்தப் பக்கங்களில் என்னைப் பற்றி இன்னும் மோசமாக ஏதோ எழுதியிருக்கிறாய். அப்பாவின் மனதில் உள்ளதை எழுதியிருப்பாய். அல்லது உன் மனதில் உள்ளதை. நீ படிப்பை விட்டது என்னால்தானே. கடை எரிந்திருக்காவிட்டால் நீ இப்போது கல்லூரியில் இருந்திருப்பாய். அதை எழுதிவிட்டு, அச்சடித்த பிறகு எனக்காகப் பாவம் பார்த்து எடுத்துவிட்டாய். அப்படித்தானே?

அனுப்பு. நான் தாங்கிக்கொள்வேன். உனக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். உன் படிப்பு போனதற்கு என்னை மன்னித்துவிடு.

இங்கே ஒரு சிக்கல். இஸ்திரிப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடப்போகிறார்களாம். பன்னிரண்டு பெட்டிகள் உள்ள கூடம். இரண்டு தடவை மாட்டேன் என்றாயிற்று. மேற்பார்வையாளர் அம்மா, "துவைக்கற பக்கம் ஆள் குறைக்கறோம். இதையும் வேண்டாம்னா உனக்கு இங்க இடம் இல்லை, யோசிச்சுக்கோ" என்றார். செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அந்தக் கூடத்தின் வாசல் வரை போனேன். சூட்டு வாசனை வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா


ஜூலை 20

அக்கா,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்ட கடிதத்தை மேசையின் இழுப்பறையில் வைத்தேன். பிறகு எடுத்துத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். எங்கே வைத்தாலும் அது அங்கேயே இருக்கிறது.

இதோடு ஆறாவது ஃபாரத்தை மடிக்காமல் தாளாகவே அனுப்பியிருக்கிறேன். மூன்று தடவை மடித்து ஓரத்தை வெட்டினால் பக்கங்கள் வரிசையாக வரும். ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி. கதையில் சின்னவள் என்று எழுதியிருக்கிறேன். இங்கே நான் என்றே எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து வரும்போது மழை. பையில் என் கதை நோட்டு நனைந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்த நோட்டு. வீட்டுக்கு வந்து பார்த்தேன். எழுத்து கரையத் தொடங்கியிருந்தது. நீ அப்போதுதான் கடையைச் சாத்திவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தாய். அப்பா துணி கொடுக்கப் போயிருந்தார். கடைச் சாவி இரண்டு. ஒன்று உன் பையில். இன்னொன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த ஆணிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டு ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் காயவைத்தேன். ஒன்பது தாள் தேய்த்திருப்பேன், கரண்டு போய்விட்டது. இருட்டில் பயமாக இருந்தது. பெட்டியை அப்படியே துணிமேல் விட்டுவிட்டு, நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். சாவியை ஆணியில் மாட்டினேன். கரண்டு கொஞ்ச நேரத்தில் வந்தது. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு தெருவில் சத்தம் கேட்டது.

நீ தேடிக்கொண்டிருக்கும் அந்தக் கையசைவு என்னிடம் இருக்கிறது அக்கா. நான் கடைக்குள் போனபோது பிளக் பிடுங்கித்தான் இருந்தது. ஒயரைப் பெட்டியின் கழுத்தில் சுற்றி வைத்திருந்தாய். எப்போதும் போல மூன்று சுற்று. அந்த மூன்று சுற்றையும் நான்தான் பிரித்தேன்.

அப்பா தெரு முழுக்கக் கேட்க உன்னைத் திட்டியபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆணி என் தோளில் குத்தியது. நோட்டு வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நான்காம் நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அன்றிலிருந்து நான் அதிகமாகப் பேசவில்லை. எல்லோரும் அதை என் சுபாவம் என்றார்கள். அந்தச் சுபாவத்துக்குள் நான் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.

புத்தகம் எழுதியதே இதைச் சொல்லத்தான். தலைப்பும் அதற்காகத்தான். கணினியில் எழுத்தடிக்கும்போது ஒரு வரியைக்கூட விடவில்லை. அச்சாகி வந்தபோதும் தைரியமாகத்தான் இருந்தேன். மேசையைச் சுற்றி முதல் பிரதிக்கு நடந்தபோது ஆறாவது அடுக்கின் மேல்தாளில் 'சின்னவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்' என்ற வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை அங்கே போகவில்லை. பக்கத்து அடுக்கிலேயே இன்னொன்றை எடுத்துவிட்டது.

முதல் பிரதியில்தான் கை தவறியது. மீதித் தொண்ணூற்றொன்பதில் தவறவில்லை.

அப்புறம் ஆறாவது அடுக்கைக் காகிதத்தில் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினேன். எல்லோரும் உன்னைப் பற்றிய எண்பது பக்கத்தைப் படித்துவிட்டு எனக்குக் கைதட்டினார்கள்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கூசுகிறது. நீ கேட்டுவிட்ட பிறகு அந்த வார்த்தையை நான் எப்படித் தொடுவேன்?

தங்கை


ஆகஸ்ட் 2

அக்கா,

கடிதம் கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.


ஆகஸ்ட் 9

கிடைத்தது. தாளையும் மடித்து வெட்டிப் படித்தேன்.

முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். அறையில் இருப்பவர்கள் காய்ச்சலா என்றார்கள். ஆமாம் என்றேன்.

மூன்று வருடம் நான் என் கையைச் சந்தேகப்பட்டேன். சாப்பிடும் கையை. ஒரு பெட்டியைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா உன்னை இரண்டு அறை விட்டிருப்பார், அவ்வளவுதான். பதினான்கு வயதுப் பிள்ளையை யாரும் வீட்டைவிட்டுப் போகச் சொல்லமாட்டார்கள். உனக்கு அது தெரியும். எனக்கு அப்போது இருபது.

எனக்கு எது ஆத்திரம் தெரியுமா? அந்தப் பதினாறு பக்கத்தையும் நீ நன்றாக எழுதியிருக்கிறாய். மழை, இருட்டு, தாள் காயும் வாசனை, சாவி ஆணியில் மோதும் சத்தம், எல்லாம் அழகாக வந்திருக்கிறது. எரிந்த கடைக்குள் நான் கரியை அள்ளிக்கொண்டிருந்தபோது நீ வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தாயா?

காகிதத்தில் யார் வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லலாம். காகிதம் முகத்தைப் பார்க்காது. அப்பாவிடம் உன் வாயால் சொல். கடிதமாக இல்லை, கதையாக இல்லை. வாயால். அந்த எண்பது பக்கத்தை வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் போ. மீதியைக் கையில் கொடு.

அதுவரை எனக்கு எழுதாதே.


செப்டம்பர் 14

அக்கா,

எழுதலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேனா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டு மிஷினில் அக்கம்பக்கத்துக் கிழிசல்களைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மிஷின் ஓடுகிற வரை சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். அது நிற்கவே இல்லை. ஆகவே மிஷின் சத்தத்துக்குள்ளேயே சொன்னேன்.

"அப்பா, கடை எரிஞ்சது அக்காவால இல்ல. என்னால."

மிஷின் நின்றது. "என்ன சொன்னே?"

"ஆணியில இருந்த சாவியை எடுத்துட்டுப் போனேன். நான்தான் பெட்டியைப் போட்டுட்டு மறந்துட்டேன்."

அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடி உளர்றே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கேட்டார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னையிலேர்ந்து."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியிலிருந்து நூலை உருவினார். "அவகிட்ட நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

"இனிமே என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னீங்க."

"எத்தனை பேர் நின்னாங்க?"

"தெருவே நின்னுச்சு."

"ம்" என்றார் அப்பா. எனக்கு அந்த 'ம்' எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அம்மா சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் அச்சகத்தில் ஆறாவது அடுக்கை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து ஓரம் வெட்டத் தொடங்கினேன். முதலாளி பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "என் அச்சகத்துப் பேர் பின்னாடி இருக்குதே தாயே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஒரு வாரம் மாலையில் சீக்கிரம் போக அனுமதி கொடுத்தார்.

நூறும் தீர்ந்துபோயிருந்தது; உன் பிரதியும் நம் வீட்டுப் பிரதியும் போக, தொண்ணூற்றெட்டில் அறுபத்திரண்டு பேரைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இது உங்க புத்தகத்தோட கடைசிப் பகுதி. தவறிப்போகல, நான்தான் மறைச்சேன். இதுல இருக்கறது நிஜம். கடையை எரிச்சது எங்க அக்கா இல்ல, நான்" என்று சொன்னேன். முதல் வீட்டில் பாதியில் அழுதுவிட்டேன். பத்தாவது வீட்டில் அழாமல் சொன்னேன். முப்பதாவது வீட்டில், அழாமல் சொல்லமுடிகிறதே என்று வெட்கமாக இருந்தது.

எண்பதாம் பக்கம் வரை வந்தவர்கள் ஒன்பது பேர்தான் அக்கா. ஒரு வீட்டில் புத்தகம் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் அண்டைகொடுத்து வைக்கப்பட்டிருந்தது. "நல்ல கெட்டியா கட்டியிருக்கேம்மா" என்றார் அந்த வீட்டுக்காரர். மருந்துக்கடைக்காரர், "கடைசியில இதுவும் இலவச இணைப்பா?" என்று சிரித்தார். நான் சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்தி எனக்கு நாற்காலி போட்டார். எதிர்வீட்டு நர்ஸ், தான் பன்னிரண்டாம் பக்கம்கூடத் தாண்டவில்லை என்று ஒத்துக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாமல் நின்றோம்.

வாசகர் வட்டத் தலைவர் பக்கங்களை வாங்கவில்லை. "வேண்டாம்மா. எனக்கு அந்த முடிவே சரி. அதுதான் இலக்கியம்" என்றார். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேன். "அதை வாபஸ் வாங்கறதுக்கு எங்ககிட்ட நடைமுறை இல்லை" என்றார். அவர் வீட்டு வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பழைய கடைக்கு எதிரே குடியிருந்த அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே பதினாறு பக்கத்தையும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணை நானும்தான் பேசினேன். வாசல்ல நின்னு பேசினேன்" என்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

நேற்று அப்பா கூப்பிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "அந்தப் பதினாறு பக்கம் எங்கே?" கொடுத்தேன். அலமாரிமேலிருந்து புத்தகத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. பிறகு பிளேடை எடுத்து, இரண்டாவது தடவை வந்த பக்கங்களைத் தையல் பிரிப்பது போலப் பிரித்து எடுத்தார். ஆறாவது ஃபாரத்தை அந்த இடத்தில் வைத்துக் கையூசியால் தைத்தார். துணி தைக்கும் நூல். கொஞ்சம் கோணல். நான் தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இதை அவளுக்கு அனுப்பு" என்றார். "கூட ஏதாவது எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன். "நான் திரும்பிப் பார்த்தேன்னு சொல்லு. அவ தெருமுனை தாண்டினப்புறம்" என்றார்.

அனுப்பியிருக்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 29

ஊமைக்கோட்டானுக்கு,

புத்தகம் வந்தது. அப்பாவின் தையல் கோணல் இல்லை. தடித்த துணிக்குப் போடும் தையல், பிரியாமல் இருக்க. உனக்குத் தெரியாது.

அறையில் இருப்பவர்களிடம் காட்டினேன். "இதுல எது உன் தங்கச்சி வேலை, எது உங்கப்பா வேலை?" என்று கேட்டார்கள். விரலால் தொட்டுக் காட்டினேன். எது என் வேலை என்று யாரும் கேட்கவில்லை.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாட்டுக்கு அடுத்த புத்தகத்தில் மன்னித்ததாக எழுதிவிடுவாய். அறுபத்திரண்டு கதவு என்கிறாய். மீதி முப்பத்தாறையும் தேடு. கிடைக்காவிட்டாலும் தேடிக்கொண்டிரு. நானும் கிடைக்காத ஒன்றை மூன்று வருடம் தேடியவள்தான்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நேற்று முதல் நாள். பன்னிரண்டு பெட்டி. வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். ஒவ்வொரு பெட்டியின் கழுத்திலும் ஒயரைச் சுற்றினேன். மூன்று சுற்று. என் கை யோசிக்கவே இல்லை, அதுபாட்டுக்குச் சுற்றியது. நான்தான் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றது. திரும்பி ஏறிப் பார்க்கலாமா என்று ரொம்ப நேரம் நின்றேன். ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். நீ எடு. அப்பா பக்கத்தில் இருக்கட்டும். நான் எதுவும் பேசமாட்டேன், நீதான் பேசவேண்டும். 'ம்' என்று சொன்னால் வைத்துவிடுவேன்.

அக்கா